பன்னிரண்டு நிமிடச் சூடு

மலை நிலையம், பின்மார்க்
ஜனவரி 10, சனிக்கிழமை

சுன்னிவா,

எட்டாவது செட் உடைந்துவிட்டது. மேல் பல்லை நேராக்க மாட்டும் பிளாஸ்டிக் அலைனர்தான். இடது கோரைப்பல் உட்காரும் இடத்தில் தொடங்கி உள்பக்கம் வரை விரிசல். நாக்குப் பட்டால் அறுக்கிறது. ஒன்பதாவது செட் லேபிலிருந்து வந்திருக்கும். கிளினிக்கில் வாங்கி உடனே அனுப்பு. ஸ்னோ ஸ்கூட்டர் வெள்ளிக்கிழமை மட்டும்தான் தபால் கொண்டுவருகிறது, மறுநாள் எங்கள் தபாலோடு திரும்புகிறது. ஒரு வெள்ளி தவறினால் ஒரு வாரம் போச்சு.

எடுத்த எடுப்பில் பல்லைப் பற்றியா என்று கேட்பாய். சரி. நலமா?

நடந்தது இதுதான். வியாழனன்று கோபுரத்தின் மேல் ஆன்டெனாவில் உறைந்திருந்த பனிக்கட்டியைத் தட்டிக்கொண்டிருந்தோம். மைனஸ் முப்பத்தொன்று. ஓத்வார் பிளாஸ்கைத் திறந்தார். இருபத்திரண்டு வருடமாக இங்கே மெக்கானிக்காக இருக்கும் கிழவர் அவர். வாயும் அதே அளவு ஓடியிருக்கிறது.

"பல்லைக் கழட்டிட்டியா? அப்ப ஊத்தட்டுமா?"

அலைனரோடு சூடாக எதுவும் குடிக்கக் கூடாது. கழற்றினேன். அலைனர் டப்பாவைக் கீழே அறையில் விட்டிருந்தேன், அதனால் கோட்டின் வெளிப் பையில் போட்டேன். காபி முடிய பத்து நிமிடம். திரும்ப எடுத்து வைத்துக் கடித்ததும், காய்ந்த குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

"என்னய்யா, பல்லு போச்சா?"

"பல்லு இல்ல, பிளாஸ்டிக்கு."

"அதுக்கும் குளிருமில்ல தம்பி? நீ மட்டும் நாலு சட்டை போட்டுக்கிற, அதை அம்மணமா விட்டுட்டியே!"

கோபுரமே ஆடுகிற மாதிரி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மொத்தம் பதினாலு செட், ஒன்றுக்கு இரண்டு வாரம். கணக்குப்படி ஏப்ரல் 10 அன்று முடிகிறது. ஏப்ரல் 15க்கு முன்னால் கையில் இருப்பது ஐந்து நாள்தான். ஒன்பதாவது வரும்வரை பல் பழைய இடத்துக்குப் பின்னால் போகாமலிருக்கப் பழைய ஏழாவது செட்டையே போட்டுக்கொண்டிருக்கிறேன். ஏப்ரல் 15 தாண்டக் கூடாது என்று கிளினிக்கிலும் சொல்லிவிடு.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நிலையத்துப் போன் சாப்பாட்டு மேசைக்கு மேலே சுவரில் இருக்கிறது. டிசம்பரில் நாம் போட்ட சண்டையை நாலு பேர் சூப் குடித்துக்கொண்டே கேட்டார்கள். மின்னஞ்சல் பெட்டியும் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒன்று. கடிதம்தான் என்று முடிவு செய்தது நீ.

வேலை நன்றாகப் போகிறது. வெளியே கிடந்த கருவியை நேராக அறைக்குக் கொண்டுவந்தால் ஈரம் கோத்துச் சர்க்யூட் கெட்டுவிடும். அதனால் உள்ளே வரும் எதுவும் முதலில் வாசலில் இருக்கும் உலர்த்தும் அலமாரியில் காய்ந்துவிட்டுத்தான் வர வேண்டும். ஓத்வார் காலத்து ஏற்பாடு முப்பத்தைந்து டிகிரி, மூன்று மணி நேரம். ஒரு மீட்டருக்காக மூன்று மணி நேரம் யார் உட்கார்ந்திருப்பது? நான் எழுபது டிகிரிக்கு ஏற்றி, ஒரு மணி நேரமாக்கி, விதியை எழுதிக் கதவில் ஒட்டிவிட்டேன். கிழவர் முணுமுணுத்தார். இதுவரை ஒரு கருவியும் கெடவில்லை.

ஒன்பதாவதை மறக்காதே. ஏப்ரல் 15.

சிந்த்ரே

---

திரொம்சோ
ஜனவரி 15

சிந்த்ரே,

நலம். கேட்டதற்கு நன்றி, இரண்டாவது பத்தியில் என் முறை வந்தது.

ஒன்பதாவது செட் இந்தப் பெட்டியில் இருக்கிறது. வேலைக்கு நடுவில் கிளினிக்குக்கு ஓடி வாங்கி வந்தேன். அங்கே இருக்கும் நர்ஸ் போர்க்ஹில் உன் கதையைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"வெளிப் பையிலயா? ஏம்மா, அவரு இன்ஜினியர்னு சொன்னீங்களே?"

"டெக்னீஷியன்."

"அதான பாத்தேன். இன்ஜினியர்னா டப்பாவாவது எடுத்துட்டுப் போயிருப்பாரு."

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கழற்றினால் டப்பாவுக்குள் போட வேண்டும், டப்பா உடம்பை ஒட்டிய உள்சட்டைப் பையில் இருக்க வேண்டும். குளிரிலிருந்து எடுத்ததும் வாயில் வைத்துக் கடிக்கக் கூடாது. உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, விரலால் அழுத்தி மாட்ட வேண்டும். வெந்நீரில் கழுவக் கூடாது. ஹீட்டர் மேல், அடுப்புப் பக்கம் வைக்கவே கூடாது. குளிரில் உடையும், சூட்டில் வளையும். உடைந்தால் கண்ணுக்குத் தெரியும், வளைந்தால் வாய்க்கு மட்டும்தான் தெரியும் என்றாள்.

உதடு வெடிக்கும், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல் என்றும் சொன்னாள். களிம்பு வைத்திருக்கிறேன்.

இனி என் கேள்வி. உன் கடிதத்தில் ஏப்ரல் 15 மூன்று இடத்தில் வருகிறது. மலை நிலையத்தில் உன் வேலை மார்ச் கடைசியோடு முடிகிறது. அதற்குப் பிறகு நீ வீட்டில் இருப்பாய். பல் இரண்டு வாரம் தாமதமாக நேரானால் என்ன குடி முழுகிவிடும்? தாடை வலி என்றுதானே ஆரம்பித்தாய்? வலிக்குத் தேதி உண்டா?

நான் மீன் ஏற்றுமதிக் கிடங்கில் வேலை பார்ப்பவள். ஒரு தேதியை ஒருத்தர் தேவைக்கு மேல் சொன்னால் அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பது எங்கள் வழக்கம்.

சுன்னிவா

---

மலை நிலையம்
ஜனவரி 24

சுன்னிவா,

ஒன்பதாவது பொருந்தவில்லை.

கொஞ்சம் இறுக்கமாக இருப்பது வேறு. புது செட் எப்போதும் இறுகும், இரண்டு நாளில் சரியாகிவிடும். இது கடைவாய்ப் பக்கம் உட்காரவே மறுக்கிறது. கருவிப் பெட்டியிலிருந்த ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை இடுக்கில் செருகி அளந்தேன். இடதில் 0.8 மில்லிமீட்டர் இடைவெளி, வலதில் 0.5. ஓத்வார் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"வால்வு இடைவெளி பாக்கற மாதிரி பல்லைப் பாக்கறியே. ஆயில் மாத்தணுமா?"

அவரை விடு. நேற்று மூன்று மணிக்கு ஸ்கூட்டர் வந்தது. பெட்டி என் கைக்கு வரும்போது நாலு. நர்ஸ் சொன்னபடி உள்ளங்கையில் வைத்திருந்து, விரலால் அழுத்தி, எல்லாம் செய்தேன். இரவு முழுக்கப் போட்டிருந்தேன். காலையில் ஈறு வீங்கியிருக்கிறது. திரும்ப ஏழுக்கே போய்விட்டேன்.

நான் கேட்பது ஒன்றுதான். பெட்டியில் டேப் இரண்டு தடவை ஒட்டப்பட்டிருக்கிறது. முதல் டேப்பைக் கத்தியால் அறுத்து, அதன் மேல் இரண்டாவது டேப். யார் திறந்தது? கிளினிக்கா, தபால்காரனா, நீயா? செட்டை வெளியே எடுத்தார்களா? வேறு யாருடைய ஒன்பதாவதாவது மாறி வந்துவிட்டதா? அலைனரில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்தேன், என்னுடையதுதான். அப்படியானால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. ஒரு பொருள் சும்மா கெடாது.

ஏப்ரல் 15 பற்றி: சிகிச்சை முடியும் தேதி, அவ்வளவுதான். எனக்குத் திட்டப்படி நடந்தால் பிடிக்கும். இதில் திறந்து பார்க்க ஒன்றுமில்லை.

பத்தாவதை அனுப்பு. ஒரே டேப்பாக ஒட்டு.

சிந்த்ரே

---

திரொம்சோ
ஜனவரி 29

சிந்த்ரே,

டேப்பை அறுத்தது நான். பெட்டியை ஒட்டிய பிறகுதான் உதட்டுக் களிம்பு மேசை மேலேயே இருந்ததைப் பார்த்தேன். அறுத்து, உள்ளே வைத்து, மறுபடி ஒட்டினேன். அந்தக் களிம்பு கிடைத்ததா என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை உனக்கு. டேப்பை எண்ண மட்டும் தோன்றியது.

உன் பல் பொருந்தாததைச் சொல்ல நேற்று கிளினிக்குக்குப் போனேன். போர்க்ஹில் உன் கோப்பைத் திறந்தாள்.

"அய்யய்யோ, அப்ப சர்ட்டிபிகேட் என்னாகறது? ஏப்ரல் பதினஞ்சுக்குள்ள கேட்டிருக்காங்களே."

"என்ன சர்ட்டிபிகேட்?"

"தெற்கே போறதுக்குத்தான். உங்களுக்குத் தெரியாதா?"

அவள் முகம் வெளுத்துப்போனது. பாவம், அவள் மேல் தப்பில்லை. தாளைத் திருப்பிக் காட்டினாள். தென்முனை நிலையம். அக்டோபரிலிருந்து பதினாலு மாதம். ஒன்பது மாதத்துக்கு விமானம் வராது, பல் டாக்டர் கிடையாது. அதனால் கீழ் வரிசை ஈறைக் கடிக்கும் உன் மேல் பல் நேராகிச் சிகிச்சை முழுதாக முடிந்திருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். உன் கையெழுத்து, ஆகஸ்ட் மாதத் தேதி.

ஆகஸ்டில்தான் தாடை வலிக்கிறது என்று ஆரம்பித்தாய். நான் மூன்று வாரம் உனக்குச் சூப் வைத்துக் கொடுத்தேன்.

நாம் சேர்ந்து வாழத் தொடங்கிய முதல் குளிர்காலம் நீ கப்பலில் இருந்தாய். இரண்டாவதும் கப்பல். இது மூன்றாவது. போன வருடம் நடுவில் லீவில் வந்து, இரண்டு மாத இருட்டுக்குப் பிறகு சூரியன் திரும்பி வந்த அன்று சன்னலில் நின்று, அடுத்த குளிர்காலம் வீட்டில்தான் என்று சொன்னாயே, அதை ஞாபகப்படுத்தமாட்டேன். உனக்கு அளவுகள்தான் ஞாபகம் இருக்கும், சொற்கள் இருக்காது.

இந்த வருடமும் இருபத்தொன்றாம் தேதி வந்தது. நாலு நிமிடம். கடையில், அன்றைக்கு ஊரே வாங்கித் தின்னும் சூரிய பன் இரண்டு வாங்கினேன், கை பழக்கத்தில். இரண்டையும் நானே தின்றேன்.

பத்தாவது செட் உள்ளே இருக்கிறது. ஒரே டேப்.

சுன்னிவா

---

மலை நிலையம்
பிப்ரவரி 7

சுன்னிவா,

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாய் என்று தெரியும், அதனால் இடம் கிடைத்த பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். இதை நியாயப்படுத்தவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஆனால் இப்போது கேட்க வேண்டியது வேறு.

பத்தாவதும் பொருந்தவில்லை. மேசைக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தேன். முன்பக்கம் தட்டையாக நிற்கிறது, பின்பக்கம் இரண்டு முனையும் விரிந்து மேலே தூக்கியிருக்கிறது. ஒன்பதாவதை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே வளைவு, அதே பக்கம். இது லேபின் தவறு இல்லை. லேப் ஒரே தவறை இரண்டு தடவை செய்யாது. இது சூடு. இந்தப் பிளாஸ்டிக் அறுபது டிகிரி தாண்டினால் இளகும், ஆறும்போது எப்படிக் கிடந்ததோ அப்படியே இறுகிவிடும்.

ஸ்கூட்டரில் பெட்டி மைனஸ் முப்பதில் வருகிறது. வழியில் தபால் கிடங்குகள் எதிலும் அறுபது டிகிரி கிடையாது. அப்படியானால் சூடு எங்கே? நம் வீட்டு வரவேற்பறையில் ஒரு விறகு அடுப்பு இருக்கிறது. கிளினிக்கிலிருந்து வாங்கியதற்கும் தபாலில் போட்டதற்கும் நடுவில் பெட்டி அந்த அறையில்தான் இருந்திருக்கும்.

பத்தாவதை அனுப்பியபோது உனக்குச் சர்ட்டிபிகேட் பற்றித் தெரியும். ஒன்பதாவதின்போது தெரியாது என்கிறாய். ஆனால் ஏப்ரல் 15 எத்தனை தடவை வந்தது என்று அப்போதே எண்ணியிருக்கிறாய். சூட்டில் வளையும், வளைந்தது வாய்க்கு மட்டும்தான் தெரியும் என்று எனக்கு எழுதியதும் நீதான்.

நீதான் செய்தாய் என்று சொல்லவில்லை. வேறு வழி எனக்குத் தெரியவில்லை என்று சொல்கிறேன்.

களிம்பு கிடைத்தது.

சிந்த்ரே

---

திரொம்சோ
பிப்ரவரி 12, வியாழன்

சிந்த்ரே,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அழவில்லை. கோபம்கூட அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வேலை ஞாபகம்.

எங்களிடம் மீன் வாங்குகிறவன் போன் போட்டு "பெட்டி சூடாயிடுச்சும்மா, உங்க பக்கம்தான் தப்பு" என்றால் நாங்கள் வாதாடுவதில்லை. வாதாடினால் அவன் சத்தம் போடுவான், நாங்கள் சத்தம் போடுவோம், மீன் நாறிக்கொண்டிருக்கும். அடுத்த பெட்டியில் ஒரு லாகரைப் போட்டு அனுப்புவோம். தீப்பெட்டி அளவுதான். நிமிடத்துக்கு ஒரு தடவை எத்தனை டிகிரி என்று எழுதிக்கொண்டே போகும். லாரியோ, கப்பலோ, கிடங்கோ, எங்கே சூடானது என்று மணியோடு சொல்லிவிடும். அதற்கு யாரையும் பிடிக்காது, யார் மேலும் வருத்தமும் கிடையாது.

பதினோராவது செட்டுக்கு அடியில், பஞ்சுக்குக் கீழே, ஒன்று வைத்திருக்கிறேன். கிளினிக்கில் பெட்டியை வாங்கிய நிமிடமே ஓட விட்டுவிட்டேன். உன்னிடம் கணினி இருக்கிறது. நீயே எடுத்துப் பார். நான் பார்த்துச் சொன்னால் அதையும் நான் மாற்றிவிட்டேன் என்பாய்.

நான் எதுவும் செய்யவில்லை. இதை ஒரு தடவைதான் எழுதுவேன்.

சுன்னிவா

---

மலை நிலையம்
பிப்ரவரி 21

சுன்னிவா,

லாகரைப் படித்துவிட்டேன். அதன் வரைபடக் கோட்டில் இரண்டு மேடு இருக்கிறது. வரிசையாக எழுதுகிறேன்.

முதல் மேடு. பிப்ரவரி 12, வியாழன், மாலை 7.40. அதுவரை இருபது டிகிரியில் நேராகப் போன கோடு ஏறத் தொடங்கி முப்பத்தொன்றுக்குப் போகிறது. பன்னிரண்டு நிமிடம். பிறகு இறங்குகிறது. அந்த நேரத்தில் பெட்டி நம் வீட்டில் இருந்தது. எதுவும் செய்யவில்லை என்று அதே தேதியில் எழுதியிருக்கிறாய்.

இதைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல?" என்று கத்தினேன். சாப்பாட்டு அறையில் ஓத்வார் மட்டும்தான் இருந்தார். வந்து எட்டிப் பார்த்தார்.

"சின்ன மேட்டைக் காட்டுறியே, இந்தப் பெரிய மேடு யாரு வீட்டு மலை?"

இரண்டாவது மேடு. பிப்ரவரி 20, வெள்ளி, பிற்பகல் 3.06. மைனஸ் இருபத்தொன்பதிலிருந்து செங்குத்தாக ஏறுகிறது. 3.19க்கு அறுபதைத் தாண்டுகிறது. உச்சம் அறுபத்தெட்டு. 4.04 வரை அங்கேயே நிற்கிறது.

3.05க்கு ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்றது. ஓத்வார் தபால் பையை வாங்கினார். வாங்கி, உலர்த்தும் அலமாரியில் வைத்தேன் என்று இப்போதுதான் சொன்னார்.

"யோவ் ஓத்வார், தபாலை எதுக்குய்யா அதுல வெக்கறீங்க?"

அவர் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அலமாரிக் கதவுக்கு முன்னால் நிறுத்தினார்.

"படி."

கதவில் என் கையெழுத்து. வெளியிலிருந்து உள்ளே வரும் எந்தப் பொருளும் விதிவிலக்கின்றி ஒரு மணி நேரம் இங்கே இருக்க வேண்டும். 'விதிவிலக்கின்றி' என்பதற்கு அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். 70 டிகிரி.

"முப்பத்தஞ்சுல இருந்தப்ப என் பொண்ணு அனுப்புற சாக்லேட்டுகூட உருகினதில்ல. ஜனவரியில இருந்து கஞ்சி மாதிரிதான் வருது. சொன்னா நீ கேப்பியா? நீதான் பெரிய ஆளாச்சே."

மூன்று செட்டையும் வேகவைத்தது நான்.

இதை எழுதாமல் முதல் மேட்டை மட்டும் எழுதி அனுப்பலாமா என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதையும் எழுதிவிடுகிறேன். பிப்ரவரி 7 கடிதத்தில் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். எல்லா வரிக்கும்.

ஆனாலும் அந்தப் பன்னிரண்டு நிமிடம் என்ன? முப்பத்தொன்றில் எதுவும் வளையாது, அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிய வேண்டியது, பெட்டி ஏன் நகர்ந்தது என்பது.

சிந்த்ரே

---

திரொம்சோ
பிப்ரவரி 26

சிந்த்ரே,

அந்தப் பன்னிரண்டு நிமிடம் என்னுடையது.

கடிதத்தை எழுதி, பெட்டிக்குள் வைத்து, ஒட்டி முடித்தேன். நான் எதுவும் செய்யவில்லை என்று எழுதியது அந்த நேரத்துக்கு உண்மை. பிறகு விறகு போடக் குனிந்தபோது, செய்யாததற்கே இவ்வளவு கேட்கிறாயே, செய்தால்தான் என்ன என்று தோன்றியது. பெட்டியை எடுத்து அடுப்புக்கு முன்னால் தரையில் வைத்தேன். அடுப்புக் கண்ணாடியிலிருந்து ஒரு முழம் தள்ளி. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் கிட்டே தள்ளியிருந்தால் அறுபது வந்திருக்கும். நீ அக்டோபரில் வீட்டில் இருந்திருப்பாய்.

தள்ளவில்லை. எடுத்துச் செருப்பு அலமாரி மேல் வைத்துவிட்டேன். லாகர் ஓடிக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரிந்தேதான் வைத்தேனா, அந்தக் கோபத்தில் மறந்துவிட்டேனா என்று இன்றுவரை எனக்கே தெளிவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே எழுதுகிறேன்.

ஆக, நீ சந்தேகப்பட்ட காரியத்தை நான் செய்யவில்லை. ஆனால் அதைச் செய்யக்கூடியவள்தான் என்று நீ சந்தேகப்பட்டது சரி. இரண்டையும் வைத்துக்கொள்.

என் பங்கு சந்தேகமும் ஒன்று இருக்கிறது. சர்ட்டிபிகேட் கிடைத்த பிறகும் நீ சொல்லியிருக்கமாட்டாய் என்று நினைக்கிறேன். செப்டம்பரில், பெட்டி கட்டும்போது சொல்லியிருப்பாய். இல்லை என்று எழுதாதே. எழுதினால் நம்பமாட்டேன்.

உன் கடிதத்தில் என்னைக் குத்தியது அந்தக் குற்றச்சாட்டு இல்லை. அந்த அலமாரிதான். ஜனவரியில் நீ பெருமையாக எழுதியதை எடுத்து மறுபடி படித்தேன். மூன்று மணி நேரம் யார் உட்கார்ந்திருப்பது என்று கேட்டிருக்கிறாய். ஒரு மீட்டர் காயும் வரைக்கும் உன்னால் மூன்று மணி நேரம் இருக்க முடியவில்லை. என்னைப் பதினாலு மாதம் இருக்கச் சொல்லத் திட்டம் போட்டிருக்கிறாய். அதுவும் என்னிடம் சொல்லாமல்.

இனி வேலை. போர்க்ஹில்லிடம் எல்லாம் சொன்னேன். அடுப்பையும் சொன்னேன்.

"ரெண்டு பேருமா சேந்து அந்தப் பிளாஸ்டிக்கை என்ன பாடு படுத்தறீங்க! பேசாம நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு டப்பாவுல இருங்க."

எட்டாவது செட்டை மறுபடி செய்து கொடுத்திருக்கிறார்கள், இந்தப் பெட்டியில் இருக்கிறது. அது உட்கார்ந்தால் பல் ரொம்பப் பின்னால் போகவில்லை என்று அர்த்தமாம். மார்ச் 12 வியாழன் காலை 10.20க்கு உன் பெயரில் நேரம் வாங்கியிருக்கிறேன். புதிதாக ஸ்கேன் எடுத்து, மீதிச் செட்டுகளை வேகமாக்கிக் கொடுத்தால், ஏப்ரல் 15க்கு டாக்டர் கையெழுத்துப் போட வாய்ப்பு இருக்கிறதாம். வாய்ப்புதான். நான் குறுக்கே நிற்கவில்லை என்பதற்கு இதுதான் என் அத்தாட்சி.

காத்திருப்பேனா என்று மட்டும் கடிதத்தில் கேட்காதே.

சுன்னிவா

---

மலை நிலையம்
மார்ச் 7

சுன்னிவா,

தெர்மோஸ்டாட்டை முப்பத்தைந்துக்கு இறக்கிவிட்டேன். கதவில் இருந்த என் தாளைக் கிழித்துவிட்டேன். ஓத்வார் புதிதாக எழுதி ஒட்டியிருக்கிறார். மூன்று மணி நேரம். அடியில் 'பொறுக்க முடியாதவர்கள் வெளியே நிற்கலாம்' என்று சேர்த்திருக்கிறார்.

நேற்று 3.10க்கு உன் பெட்டி வந்தது. தபால் பையிலிருந்து எடுத்து நேராக அறைக்குக் கொண்டுபோயிருக்கலாம். அலைனருக்கு உலர்த்தும் அலமாரியே தேவையில்லை. ஆனாலும் உள்ளே வைத்தேன். ஒரு ஸ்டூலைப் போட்டு அதற்கு முன்னால் உட்கார்ந்தேன். புத்தகம் எடுக்கவில்லை, கருவி எதையும் பழுது பார்க்கவில்லை. நாலு மணிக்கு எழுந்துவிடலாம் போலிருந்தது. ஐந்துக்குக் கால் மரத்துப்போனது. ஓத்வார் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

"என்னய்யா, யாருக்காவது பிரசவமா?"

6.10க்குத் திறந்தேன். எட்டாவது உட்கார்ந்துவிட்டது. கேஜ் உள்ளே போகவில்லை.

மூன்று மணி நேரம் நீளமாக இருக்கிறது. பதினாலு மாதத்தில் அப்படி எத்தனை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூவாயிரத்து நானூறு. நான் உட்கார்ந்தது ஒன்று.

செப்டம்பரில்தான் சொல்லியிருப்பேன் என்கிறாய். ஆமாம், அப்படித்தான் செய்திருப்பேன். உன் மேல் எனக்கிருந்த சந்தேகம் முழுக்கப் போய்விட்டதா என்றால், இல்லை. அடுப்புக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்த உன்னை என்னால் பார்க்க முடிகிறது. அந்த நாற்காலியை அங்கே போட வைத்தவனையும் பார்க்க முடிகிறது.

12ஆம் தேதி கிளினிக்குக்கு வருகிறேன். டப்பா உள்சட்டைப் பையில் இருக்கும். புதன் மாலை வீட்டில் இருப்பேன். இந்தப் பெட்டி அதற்கு முந்தின நாள் உன் கைக்கு வந்துவிடும். அதில் வளைந்த மூன்று செட்டும் இருக்கின்றன, கிளினிக்கில் கொடுக்க. அவற்றுக்கு அடியில், பஞ்சுக்குக் கீழே, தென்முனை நிலையத்தின் ஒப்பந்தம் இருக்கிறது. இருப்பது அந்த ஒரு பிரதிதான். ஏப்ரல் 15க்குள் டாக்டர் கையெழுத்தும் என் கையெழுத்தும் அதில் விழ வேண்டும். நான் இன்னும் போடவில்லை. முதலில் நீ படி. நான் போக விரும்புகிறேன், அதை மறைக்கவில்லை. நீ என்ன விரும்புகிறாய் என்று புதன்கிழமை உட்கார்ந்து கேட்கிறேன், எவ்வளவு நேரம் ஆனாலும்.

உன் லாகரை நிறுத்திவிட்டுத் தனிக் கவரில் அனுப்பியிருக்கிறேன். பெட்டியை அடுப்புக்கு முன்னால் வைக்கத் தோன்றினால் வை. எத்தனை நிமிடம் என்று கேட்கமாட்டேன்.

சிந்த்ரே